மைதானத்தின் கதவை மட்டும்தான் பூட்டினார்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. இப்போது நேரமில்லாதவர்கள் சேமித்து வைத்துவிட்டு ஆறுதலாக வாசியுங்கள்.

போன கிழமை தரம் 10 வகுப்பில் முதலாம் உலகப் போரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். ஆண்கள் போர்முனைக்குப் போக, ஆலைகளில் பெண்கள் வேலைக்கு வந்தார்கள் என்று சொல்லிக்கொண்டு போகையில், "அந்தப் பெண்கள் உதைபந்தும் ஆடினார்கள், அதைப் பார்க்க ஆயிரக்கணக்கில் சனம் வந்தது" என்று ஒரு வரி சேர்த்துவிட்டோம். பின்வாங்கிலிருந்து ஒரு மகன், "சும்மா சொல்றீங்க டீச்சர். பொம்புளைகள்ட ஃபுட்போல் இப்ப டீவியால வந்ததுதானே" என்றார். வகுப்பே சிரித்தது. பதில் சொல்வதற்குள் மணி அடித்துவிட்டது.

அந்த மகன் மட்டுமல்ல, ஆசிரியர் ஓய்வறையிலும் பலருடைய எண்ணம் அதுதான். பெண்கள் உதைபந்தாட்டம் என்பது நேற்று முளைத்த ஒன்று, விளம்பரக் கம்பனிகள் வளர்த்துவிட்டது, கூட்டம் இப்போதுதான் சேருகிறது என்று நினைக்கிறோம். ஆகவே விரிவாகவே எழுதிவிடுவோம் என்று உட்கார்ந்தோம்.

ஒரு கணக்கோடு தொடங்கலாம். இங்கிலாந்தில் பெண்களுக்கான முதற்தர லீக்கின் பெயர் பெண்கள் சூப்பர் லீக். 2023 ஒக்டோபர் 1ஆம் திகதி லண்டனில் ஆர்சனல் அணியும் லிவர்பூல் அணியும் மோதின. பார்வையாளர்கள் 54,115 பேர். அந்த லீக்கில் அதுவரை சேராத கூட்டம். (ஆர்சனல் சொந்த மைதானத்தில் 1-0 என்று தோற்றது வேறு விடயம்.) இனி இன்னொரு திகதி. 1920 டிசம்பர் 26, நத்தாருக்கு மறுநாள். லிவர்பூல் நகரில் எவர்டன் கழகத்தின் குடிஸன் பார்க் மைதானம். இரண்டு பெண்கள் அணிகள் ஆடிய போட்டி. பார்வையாளர்கள் 53,000 பேர். உள்ளே இடமில்லாமல் வெளியே நின்றவர்கள் அதற்கு மேல்.

கிட்டத்தட்ட 103 வருடங்கள். கூடியது ஆயிரத்துச் சொச்சம் பேர். இடையில் என்ன நடந்தது?

1920க்கு முன்னரும் பெண்கள் ஆடியிருக்கிறார்கள். 1881இல் எடின்பரோவில் ஸ்கொட்லாந்து, இங்கிலாந்து என்று பெயரிட்ட இரண்டு பெண்கள் அணிகள் ஆடின. 1895இல் லண்டனில் பிரிட்டிஷ் லேடீஸ் கழகம் வடக்கு, தெற்கு என்று பிரிந்து ஆடியது. கூட்டம் வந்தது, கேலியும் வந்தது, சில இடங்களில் மைதானத்துக்குள் ஆட்கள் புகுந்து ஆட்டத்தையே குழப்பினார்கள். அவை வேடிக்கை பார்க்க வந்த கூட்டங்கள். நின்று நிலைக்கவில்லை.

நிலைத்தது போர்க்காலத்தில்தான். 1915இல் ஆண்களின் லீக் நிறுத்தப்பட்டது. ஆடியவர்களும் போர்முனையில், பார்த்தவர்களும் போர்முனையில். அதே நேரம் இலட்சக்கணக்கான இளம் பெண்கள் வெடிமருந்து ஆலைகளுக்கு வேலைக்குப் போனார்கள். நீண்ட நேர வேலை, நச்சுத் தூள், விபத்து. இடைவேளையில் ஆலை முற்றத்தில் பந்து உதைத்தார்கள். உடம்புக்கு நல்லதென்று ஆலை நிர்வாகங்களும் ஊக்கப்படுத்தின. வட இங்கிலாந்தில் இந்த ஆலை அணிகளுக்கென்று ஒரு கிண்ணப் போட்டியே நடந்தது. 1918இல் அதன் இறுதியாட்டத்தில் பிளைத் ஸ்பார்டன்ஸ் பெண்கள் அணி 5-0 என்று வென்றது. அதில் ஆடிய பெல்லா ரே என்ற பெண் அந்த ஒரு பருவத்தில் மட்டும் 130க்கும் மேற்பட்ட கோல்கள் அடித்தவர்.

எல்லாவற்றிலும் பெரிய பெயர் எடுத்தது பிரெஸ்டன் நகரின் டிக் கெர் கம்பனி அணி. ட்ராம் வண்டி செய்த கம்பனி, போருக்காக வெடிமருந்து செய்யத் திரும்பியது. 1917 நத்தார் தினத்தன்று இந்த அணி பிரெஸ்டன் ஆண்கள் கழகத்தின் டீப்டேல் மைதானத்தை வாடகைக்கு எடுத்து இன்னோர் ஆலை அணியோடு ஆடியது. 10,000 பேர் வந்தார்கள். காயம்பட்ட படைவீரர்களின் ஆஸ்பத்திரிக்கு 200 பவுண் சேர்ந்தது. அணியை நடத்தியவர் அல்ஃபிரட் பிராங்லாண்ட் என்ற அலுவலக ஊழியர். மனிதர் கெட்டிக்காரர். எங்கே கூட்டம் சேரும், எந்த நோக்கத்துக்கு ஆடினால் சனம் காசு தரும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. நல்ல வீராங்கனை எங்கிருந்தாலும் கண்டுபிடித்து, கம்பனியில் வேலையும் எடுத்துக் கொடுத்து அணிக்குக் கொண்டுவந்துவிடுவார்.

அப்படி வந்தவர்தான் லில்லி பார். செயின்ட் ஹெலன்ஸ் ஊர்ப் பிள்ளை. 1905இல் பிறந்தவர், 1920இல் அணிக்கு வந்தார். இடது ஓரத்தில் ஆடுவார். அந்தக் காலத்துப் பந்து தோலால் ஆனது, மழையில் நனைந்தால் கல்லுப் போல இருக்கும். அதை ஓரத்திலிருந்து நடுவுக்கு உயர்த்தி அடிக்க ஆண்களே திணறிய காலத்தில், இந்தப் பிள்ளையின் உதை பேசப்பட்டது. அணித் தலைவி அலிஸ் கெல். இவர்களெல்லாம் பகலில் ஆலையில் வேலை செய்துவிட்டு ஆடியவர்கள். ஒரு போட்டிக்குப் பத்து ஷில்லிங் கொடுக்கப்பட்டது. வேலை இழப்புக்கும் கைச்செலவுக்கும் அவ்வளவுதான்.

போர் முடிந்தால் இதுவும் முடிந்துவிடும் என்றுதான் எல்லோரும் நினைத்திருப்பார்கள். நடந்தது மறுதலை. 1920இல் அலிஸ் மிலியா என்ற பிரெஞ்சுப் பெண்மணி ஓர் அணியை அழைத்து வந்தார். டீப்டேலில் நடந்த முதலாவது ஆட்டத்துக்கு 25,000 பேர். அந்த டிசம்பரில் போர்த் திணைக்களத்தின் தேடுவிளக்குகளை இரவல் வாங்கி, பந்துக்கு வெள்ளை பூசி, இரவில் ஆடினார்கள். வேலையற்றிருந்த முன்னாள் படைவீரர்களுக்காக நிதி திரட்டிய ஆட்டம் அது. பத்து நாள் கழித்துத்தான் குடிஸன் பார்க். வழமையாகக் கோல் அடிக்கும் ஃப்ளோரி ரெட்ஃபர்ட் ரயிலைத் தவறவிட்டுவிட்டார். இரண்டாம் பாதியில் பின்வரிசையிலிருந்து முன்னே வந்த தலைவி கெல் மூன்று கோல் போட, 4-0 என்று வென்றார்கள். திரண்ட பணம் 3,115 பவுண். அடுத்த வருடம், 1921இல், டிக் கெர் அணி 67 போட்டிகள் ஆடியது. பார்த்தவர்கள் மொத்தம் 900,000 பேரளவில்.

வேலைக்கும் போய்க்கொண்டு 67 போட்டிகள். கிழமைக்கு ஒன்றுக்கு மேல்.

இந்த இடத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். திரண்ட காசெல்லாம் ஆஸ்பத்திரிகளுக்கும் ஏழைகளுக்கும் போனது. ஆண்கள் கழகங்கள் வாசலில் சேர்ந்த பணத்தைத் தம்மிடமே வைத்துக்கொண்டு நிலம் வாங்கின, மதில் கட்டின, இருக்கை போட்டன. பெண்கள் அணிகள் கொடுத்துக்கொண்டே இருந்தன. நல்ல காரியம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் 1921இல் அவர்களிடம் கோல் கம்பம் நடச் சொந்தமாக ஒரு துண்டு நிலம் இருக்கவில்லை.

1921ஆம் ஆண்டு வசந்தத்தில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களை முதலாளிமார் வெளியே தள்ளிக் கதவடைத்தார்கள். மூன்று மாதம் சம்பளமில்லை. சுரங்க ஊர்களில் பிள்ளைகள் பசியோடு இருந்தார்கள். பெண்கள் அணிகள் அந்தக் குடும்பங்களுக்காகவும் ஆடி நிதி சேர்த்தன. காயம்பட்ட வீரர்களுக்கு ஆடியபோது கைதட்டியவர்கள் எல்லோரும் தொழிலாளர்களுக்கு ஆடியபோது கைதட்டவில்லை. இன்னொரு பக்கம், ஆண்களின் லீக் அதே காலத்தில்தான் மூன்றாம் பிரிவைத் தொடங்கிப் பெருத்துக்கொண்டிருந்தது. புதிய சிறு கழகங்கள் பார்வையாளர்களைத் தேடின. பக்கத்து ஊரில் பெண்கள் ஆட்டத்துக்கு இருபதாயிரம் பேர் போனால் அவர்களுக்கு எப்படி இருக்கும்? இவற்றில் எது எவ்வளவு பங்கு என்று ஆய்வாளர்கள் இன்னும் விவாதிக்கிறார்கள். எமக்கென்னவோ இரண்டுமே காரணம் என்றுதான் படுகிறது.

1921 டிசம்பர் 5ஆம் திகதி இங்கிலாந்து உதைபந்தாட்டச் சங்கம் ஒரு தீர்மானம் எடுத்தது. இந்த விளையாட்டு பெண்களுக்குச் சற்றும் பொருத்தமற்றது, ஊக்குவிக்கப்படக் கூடாது என்பது முதற்பகுதி. திரட்டிய பணத்தில் அளவுக்கு மேல் செலவுக்குப் போகிறது, முழுவதும் தருமத்துக்குச் சேரவில்லை என்பது அடுத்த குற்றச்சாட்டு. கடைசி வரிதான் முக்கியம்: சங்கத்தில் அங்கம் வகிக்கும் கழகங்கள் இப்படிப்பட்ட போட்டிகளுக்குத் தமது மைதானங்களைக் கொடுக்க மறுக்க வேண்டும். டொக்டர்மாரின் கருத்துகளும் துணைக்கு வந்தன. லண்டனின் பிரபல பெண் மருத்துவர் மேரி ஷார்லீப்கூட இது பெண் உடம்புக்குப் பொருந்தாத ஆட்டம் என்றார். நாலு வருடம் வெடிமருந்து ஆலையில் அந்த உடம்பு என்ன பாடுபட்டது என்பதைப் பற்றி அந்தத் தீர்மானத்தில் ஒரு சொல் கிடையாது.

மாணவர்களுக்கு நாம் அடிக்கடி சொல்வது, ஒரு சட்டம் எதைச் சொல்கிறது என்பதோடு எதைச் சொல்லாமல் விடுகிறது என்றும் பாருங்கள் என்று. பெண்கள் ஆடக்கூடாது என்று அந்தத் தீர்மானம் சொல்லவில்லை. அப்படிச் சொல்லும் அதிகாரம் சங்கத்துக்கு இல்லை. மைதானம் கொடுக்காதே என்று மட்டும் சொன்னது. மதில், வாசல், டிக்கெட் அறை, இருக்கை உள்ள மைதானங்கள் ஏறக்குறைய எல்லாமே சங்கத்து அங்கத்தவர்களின் கையில். மதில் இல்லாவிட்டால் டிக்கெட் இல்லை. டிக்கெட் இல்லாவிட்டால் பயணச் செலவுக்கு வழியில்லை. பயணிக்க முடியாவிட்டால் ஊர்விட்டு ஊர் போய் ஆடும் லீக் எங்கிருந்து வரும்? சங்கத்தில் பதிவான நடுவர்களும் பெண்கள் ஆட்டத்துக்குப் போக முடியாமல் போனது. ஆட்டத்தைத் தொடாமலே ஆட்டத்தின் வேரை வெட்டினார்கள்.

நாம் முன்பு கற்பித்த ஒரு பாடசாலை ஞாபகம் வருகிறது. அங்கே பெண் பிள்ளைகள் விளையாடக் கூடாது என்று யாரும் ஒருநாளும் சொன்னதில்லை. ஆண் பிள்ளைகளின் பயிற்சி முடிந்ததும் மைதானத்தை எடுத்துக்கொள்ளுங்கள் என்றுதான் சொன்னார்கள். ஆண் பிள்ளைகளின் பயிற்சி முடியும்போது மஃரிபுக்குக் கால் மணி நேரம் இருக்கும். எந்தப் பெற்றார் அந்நேரம் பிள்ளையை விட்டுவைப்பார்? வருட முடிவில் அறிக்கையில் எழுதினார்கள், மாணவிகளிடம் ஆர்வம் காணப்படவில்லை என்று. அந்த அறிக்கையில் நாமும்தான் கையொப்பம் வைத்தோம்.

சரி, கதைக்கு வருவோம். தடை வந்த ஒரு கிழமைக்குள் பெண்கள் அணிகள் பிளக்பேர்னில் கூடித் தமக்கென்று ஒரு சங்கம் அமைத்தன. அடுத்த வருடம் ஒரு கிண்ணப் போட்டியும் நடத்தினார்கள், ஸ்டோக் அணி வென்றது. அதற்குப் பிறகு அந்தச் சங்கம் கரைந்துபோனது. டிக் கெர் பெண்கள் 1922இல் கப்பலேறிக் கனடா போனார்கள். அங்குள்ள சங்கமும் ஆட விடவில்லை. அமெரிக்காவுக்கு இறங்கி, ஆண்கள் அணிகளோடு 9 போட்டிகள் ஆடிவிட்டு வந்தார்கள். பிறகு பூங்காக்களிலும் ரக்பி திடல்களிலும் வயல்வெளிகளிலும் ஆட்டம் தொடர்ந்தது. லில்லி பார் ஒரு மனநல ஆஸ்பத்திரியில் தாதியாக வேலை செய்துகொண்டே 1951 வரை ஆடினார். 900க்கும் மேல் கோல் அடித்ததாகச் சொல்லப்படுகிறது. கணக்கு எழுத ஒரு லீக் இருந்திருந்தால் சரியான எண்ணிக்கை இன்று கையில் இருந்திருக்கும். அந்த அணி பிரெஸ்டன் லேடீஸ் என்று பெயர் மாறி 1965 வரை தாக்குப்பிடித்தது. ஆட ஆட்கள் கிடைக்காமல் கலைந்தது. சங்கம் தடையை நீக்க இன்னும் ஐந்தே வருடங்கள் இருந்தன.

1967இல் பட்ரிசியா கிரகரி என்ற பத்தொன்பது வயது லண்டன் பெண் ஒரு பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். டொட்டன்ஹாம் அணி கிண்ணத்தோடு ஊர்வலம் வந்ததைப் பார்த்துவிட்டு, பெண்களுக்கு ஏன் அணி இல்லை என்று கேட்டிருந்தார். கடிதம் அச்சானதும் வேறு பெண்கள் அவருக்கே எழுதினார்கள், உங்கள் அணியில் சேரலாமா என்று. அவரிடம் அணியே இல்லை! உடனே ஒன்றைத் தொடங்கினார். உள்ளூராட்சி மன்றத்திடம் மைதானம் கேட்டபோதுதான் பெண்களுக்கு வாடகைக்கு விட முடியாது என்பது அவருக்குத் தெரியவந்தது. 46 வருடத்துக்கு முன் எடுத்த தீர்மானம் அந்தப் பிள்ளையின் காதுக்கு அதுவரை வந்திருக்கவே இல்லை. கிரகரி போன்றவர்கள் சேர்ந்து 1969இல் பெண்கள் உதைபந்தாட்டச் சங்கத்தை அமைத்தார்கள், 44 கழகங்கள். 1970இல் பெரிய சங்கம் பழைய தீர்மானத்தைக் கைவிட்டது. மன்னிப்புக் கேட்க 2008 வரை எடுத்தது.

பூட்டைத் திறந்தவுடன் வீடு வசிக்கக்கூடியதாகிவிடாது. 1971இல் ஹரி பட் என்ற பஸ் சாரதி ஓர் அணியைச் சேர்த்து மெக்சிகோவில் நடந்த, சர்வதேச அங்கீகாரம் இல்லாத உலகப் போட்டிக்குக் கொண்டுபோனார். அணியில் பதின்மூன்று வயதுப் பிள்ளையும் இருந்தது. அஸ்டெக்கா அரங்கில் ஏறத்தாழ 90,000 பேர் முன்னால் ஆடினார்கள். தெருவில் போனால் கையெழுத்துக் கேட்டார்கள். ஊர் திரும்பியதும் கிடைத்தது தண்டனை, அனுமதியில்லாமல் போனதற்காக. தண்டித்ததும் பெண்களின் சங்கமே. அந்தப் பிள்ளைகள் பலர் அதைப் பற்றிப் பல வருடம் வாயே திறக்கவில்லை. 1972 நவம்பரில்தான் இங்கிலாந்தின் முதலாவது அதிகாரபூர்வப் பெண்கள் அணி ஸ்கொட்லாந்துக்குப் போய் 3-2 என்று வென்றது. முதற்கோல் சில்வியா கோர். 1978இல் பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தி ஆண் பிள்ளைகளின் அணியில் ஆட அனுமதி கேட்டு வழக்குப் போட்டாள். கீழ்நீதிமன்றத்தில் வென்றாள். மேன்முறையீட்டில் சங்கம் வென்றது.

இனித்தான் லீக். ஆண்களுக்கு 1888இல் தொடங்கிய தேசிய லீக் பெண்களுக்கு 1991இல் தொடங்கியது. 24 கழகங்கள், மேற்பிரிவில் 8. நடத்தியவர்கள் சம்பளம் வாங்காத தொண்டர்கள். முதலாவது சம்பியன் டொன்காஸ்டர் பெல்ஸ். இந்தக் கழகத்தின் பிறப்பு எமக்கு மிகப் பிடித்த பகுதி. 1969இல், டொன்காஸ்டர் ஆண்கள் மைதானத்தில் பார்வையாளர்களுக்கு அதிர்ஷ்டச் சீட்டு விற்றுக்கொண்டிருந்த பெண்கள், நாமும் ஆடினால் என்ன என்று தொடங்கிய அணி அது. பெண்களுக்கான கிண்ணத்தை ஆறு முறை வென்றார்கள்.

1993இல் பெரிய சங்கம் லீக்கைப் பொறுப்பெடுத்தது. அதற்குப் பின்னும் வீராங்கனைகள் வேலைக்குப் போய்விட்டு மாலையில் பயிற்சி எடுத்தவர்கள்தான். ஆர்சனல் அணி 2007இல் ஐரோப்பியக் கிண்ணத்தை வென்றது. இறுதியில் விழுந்த ஒரே கோலை அடித்தவர் அலெக்ஸ் ஸ்கொட். அதே ஸ்கொட் ஆர்சனலின் சலவை அறையில் ஆண்கள் அணியின் சட்டைகளைத் துவைக்கும் வேலையும் செய்தவர்.

பெண்கள் சூப்பர் லீக் 2011 ஏப்ரல் 13ஆம் திகதி ஆரம்பித்தது. எட்டுக் கழகங்கள். முதற்போட்டி செல்சி, ஆர்சனல். நடந்த இடம் செல்சியின் பெரிய மைதானமல்ல, தெற்கு லண்டனில் ஒரு சிறிய கழகத்தின் மைதானம். பார்வையாளர்கள் 2,510 பேர். குடிஸன் பார்க்கின் 53,000ஐ நினைத்துக்கொண்டு இந்த எண்ணை வாசியுங்கள். ஒரு கழகம் நாலு பேருக்கு மேல் யாருக்கும் வருடம் 20,000 பவுணைத் தாண்டிச் சம்பளம் கொடுக்கக்கூடாது என்று விதி. கழகங்கள் விண்ணப்பித்து உரிமம் பெற்றே உள்ளே வர வேண்டும்.

அதே 2011 ஜூனில், அம்மானில், ஒலிம்பிக் தகுதிகாண் போட்டிக்கு வந்த ஈரான் பெண்கள் அணி தலையை மூடியிருந்ததற்காக ஆட்டம் தொடங்க முன்னரே திருப்பி அனுப்பப்பட்டது. பிள்ளைகள் புல்தரையிலேயே அழுத படங்கள் பலருக்கு ஞாபகமிருக்கும். பாதுகாப்பு என்று காரணம் சொன்னார்கள். 2014இல் விதி மாறியது, யாருடைய கழுத்துக்கும் ஒன்றும் நடக்கவில்லை. அங்கேயும் ஆடாதே என்று யாரும் சொல்லவில்லை, பாருங்கள்.

சூப்பர் லீக் வளர்ந்தது. ஆனால் அந்த வளர்ச்சியில் மனம் கசக்கும் பக்கம் ஒன்றும் இருக்கிறது. 2013 பருவத்தின் முதலாவது போட்டி முடிந்த கையோடு டொன்காஸ்டர் பெல்ஸுக்குச் செய்தி வந்தது: இந்த வருடம் எத்தனையாம் இடம் வந்தாலும் சரி, அடுத்த வருடம் இரண்டாம் பிரிவுக்கு இறக்கப்படுவீர்கள், மேற்பிரிவில் மன்செஸ்டர் சிட்டிக்கு இடம். தேசிய லீக் தொடங்கிய நாளிலிருந்து மேற்பிரிவில் இருந்த அணி. மேன்முறையீடும் தோற்றது. சிட்டியிடம் பணமும் வசதியும் மைதானமும் இருந்தன, சீட்டு விற்ற பெண்களின் அணியிடம் வரலாறு மட்டும் இருந்தது. 2018இல் பெல்ஸ் இரண்டாம் பிரிவின் சம்பியனாகவும் வந்தார்கள். அந்த வருடம்தான் மேற்பிரிவு முழுநேரத் தொழில்முறை லீக்காக மாறியது. செலவு தாங்காமல், சம்பியன் அணி மேலே போகாமல் கீழே போனது. லிங்கன் கழகம் நொட்ஸ் கவுண்டி என்று இடமும் பெயரும் மாற்றப்பட்டு, 2017இல் பருவம் தொடங்க இரண்டு நாள் இருக்கையில் கலைக்கப்பட்டது. வீராங்கனைகள் வேலையும் வீடும் இழந்தார்கள்.

இதையெல்லாம் விட்டுவிட்டுக் கிண்ணங்களையும் ஒளிபரப்பு ஒப்பந்தங்களையும் மட்டும் சொன்னால் அது வரலாறல்ல, விளம்பரம். அதற்காக நல்லதை மறைக்கவும் கூடாது. 2018இலிருந்து மேற்பிரிவில் ஆடும் பெண்ணுக்கு அது முழுநேர வேலை, மாதச் சம்பளம். 2019 நவம்பரில் டொட்டன்ஹாம் தன் பெரிய அரங்கைத் திறந்துவிட்டதும் 38,262 பேர் வந்தார்கள். 2022இல் இங்கிலாந்து ஐரோப்பியக் கிண்ணத்தை வென்ற இறுதியாட்டத்துக்கு வெம்ப்ளியில் 87,192 பேர். அதற்கு இரண்டு மாதம் கழித்து ஆர்சனலின் பெரிய மைதானத்தில் 47,367. பிறகு நாம் தொடக்கத்தில் சொன்ன 54,115. 2024 பெப்ரவரியில் 60,160. கவனித்துப் பாருங்கள், பெரிய மைதானம் கிடைத்த இடங்களில்தான் இந்த எண்கள். ஆட்கள் வரமாட்டார்கள், அதனால் சிறிய மைதானம் போதும் என்று எத்தனை வருடம் சொன்னார்கள்!

இன்றும் அந்தப் பெரிய மைதானங்கள் ஆண்கள் கழகங்களின் சொத்து. முதற்தரத்தில் ஆடும் பெண்கள் அணிகளில் ஏறக்குறைய எல்லாமே ஆண்கள் கழகமொன்றின் பெயரில்தான் இயங்குகின்றன. ஆண்கள் கழகத்தோடு சேராத அணி ஒன்று, லண்டன் சிட்டி லயனஸஸ், 2025இல்தான் மேற்பிரிவுக்கு ஏறி வந்தது.

இன்னொன்றும் 2025இல் நடந்தது. எவர்டன் ஆண்கள் அணி ஆற்றோரத்தில் கட்டிய புதிய பெரிய அரங்குக்குக் குடிபெயர்ந்தது. பழைய மைதானத்தை இடித்து வீடு கட்டுவதாகத்தான் முதலில் திட்டம். பிறகு முடிவை மாற்றி, அதை எவர்டன் பெண்கள் அணிக்கென்று ஒதுக்கினார்கள். மூத்தவனுக்குப் புதுச் சட்டை எடுத்துவிட்டுப் பழையதை இளையவளுக்குக் கொடுப்பது போலத்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த மைதானம் குடிஸன் பார்க். 1920இல் அலிஸ் கெல் மூன்று கோல் போட்ட அதே இடம். 2025-26 பருவத்திலிருந்து லீக் அட்டவணையில் எவர்டன் பெண்களின் சொந்த மைதானம் என்று அந்தப் பெயர்தான் இருக்கிறது.

திங்கட்கிழமை இரண்டாம் பாடவேளை தரம் 10. 1920ஆம் வருடத்துப் படம் ஒன்றைப் பெரிதாக அச்செடுத்து வைத்திருக்கிறோம், அந்த மகனுக்குக் காட்ட.